பக்கத்து இருக்கை

விமானக் கம்பெனிகள் தங்கள் விசுவாச வாடிக்கையாளருக்குத் தரும் சலுகைகளில் 'கம்பேனியன் டிக்கெட்' மட்டும் தனி ரகம். மற்றதெல்லாம் கார்டு வைத்திருப்பவரின் சொந்த சுகத்துக்கு: முன் வரிசை இருக்கை, லவுஞ்சில் ஒரு தோசை, பெட்டிக்குக் கூடுதல் எடை. இது ஒன்றுதான் உன்னோடு யாரை அழைத்து வருகிறாய் என்று கேட்கிறது. அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸில் ஓர் ஆண்டுக்குள் 1,35,000 பாயிண்ட் சேர்த்தாலோ, 100 ஒருவழிப் பயணங்கள் முடித்தாலோ ஒரு பாஸ் கிடைக்கும். அந்த ஆண்டின் மிச்ச நாட்களுக்கும் அடுத்த ஆண்டு முழுவதற்கும் நீங்கள் பறக்கும் இடமெல்லாம் இன்னொருவர் வரி மட்டும் கட்டிக்கொண்டு கூட வரலாம். அந்த இன்னொருவர் யார் என்று முன்கூட்டியே பெயர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை பெயரை மாற்றிக்கொள்ளலாம். அலாஸ்கா ஏர்லைன்ஸின் கார்டில் ஆண்டுக்குக் குறிப்பிட்ட தொகை செலவழித்தால் இரண்டாவது ஆளுக்கு 99 டாலரும் வரியும். பிரிட்டிஷ் ஏர்வேஸிலும் அதன் கார்டில் ஆண்டுக்கு இத்தனை ஆயிரம் பவுண்டு செலவழித்தவருக்கு இதே மாதிரி ஒரு வவுச்சர் உண்டு.

நம் நாட்டில் ஏர் இந்தியா உயர் வகுப்புப் பயணிகளுக்கு 'கம்பேனியன் ஃப்ரீ' என்ற திட்டத்தை வைத்திருந்தது. மத்திய நிதியமைச்சகத்தின் சிக்கன உத்தரவுகளில்கூட அந்தப் பெயர் வந்து போயிருக்கிறது. பிறகு அதன் இடத்தைக் கிரெடிட் கார்டு பிடித்துக்கொண்டது. ஜெட் ஏர்வேஸ் பெயரில் ஹெச்.டி.எஃப்.சி. கார்டு, விஸ்தாரா பெயரில் ஆக்ஸிஸ் கார்டு, ஸ்டேட் வங்கிக் கார்டு என்று வரிசையாக வந்தன. ஆண்டுக்கு இத்தனை லட்சம் செலவழித்தால் ஒரு டிக்கெட், அதற்கு மேல் போனால் இன்னொன்று. பம்பாயின் செம்பூரில் எங்களைப் போன்ற நடுத்தரக் குடும்பங்களில் இந்தக் கணக்கு சர்வசாதாரணம். பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், ஃப்ரிட்ஜ், கல்யாண ஜவுளி என்று எல்லாவற்றையும் ஒரே கார்டில் தேய்த்துவிட்டு, கிடைக்கிற டிக்கெட்டில் மனைவியையோ அம்மாவையோ சென்னைக்கு அழைத்துப் போகிறோம். நானும் போயிருக்கிறேன். அந்தப் பக்கத்து இருக்கைக்குப் பணம் கட்டியது யார் என்பது எனக்கு மெதுவாகத்தான் விளங்கியது.

அதற்கு முன் பம்பாய்த் தமிழர்கள் ஊருக்குப் போய்வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்குத் தாராவிக்கு வந்தவர்கள், பாலக்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் குமாஸ்தா வேலைக்கு மாட்டுங்காவுக்கு வந்தவர்கள், பிறகு உரத் தொழிற்சாலைக்கும் அணுசக்தி மையத்துக்கும் செம்பூர்ப் பக்கம் குடியேறியவர்கள் என்று மூன்று கூட்டத்துக்கும் பொதுவானது ரயில்தான். நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் இன்றும் இரண்டு இரவு ஓடுகிறது. சோலாப்பூர், குண்டக்கல் என்று நீளும் அந்தப் பாதையில் வயதானவர்களையும் கைக்குழந்தைக்காரிகளையும் தனியாக அனுப்ப யாருக்கும் மனம் வராது. அதனால் துணைக்கு ஆள் பார்ப்பார்கள். தாராவியின் தொண்ணூறடி ரோட்டில் மளிகைக்கடை வாசலில் இந்தப் பேச்சு சாதாரணமாகக் காதில் விழும்.

"அண்ணாச்சி, நீங்க வெள்ளிக்கிழமை வண்டியிலதான போறிய? எங்க ஆச்சிக்கும் அதே வண்டியிலதான் போட்டிருக்கு. கொஞ்சம் பாத்துக்கிடுங்க."

"அதுக்கென்ன, ஜங்ஷன்ல எறக்கிவிட்டுட்டுத்தான் நான் வள்ளியூர் போவேன். பேரன ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிரு."

அண்ணாச்சிக்கு அந்த ஆச்சி முன்பின் தெரியாதவராகவும் இருக்கலாம். வண்டி ஏறியதும் அவருக்குக் கீழ் பெர்த் மாற்றிக் கொடுப்பார், குண்டக்கல்லில் தண்ணீர் பிடித்துத் தருவார், ஆச்சி தன் பையில் இருக்கும் புளியோதரையில் பாதியை அவருக்குத் தருவார். மாட்டுங்காவில் இதே காரியம் ஆஸ்திக சமாஜத்து வாசலிலோ சங்கர மடத்திலோ நடந்தது. 'மெட்ராஸ் மெயிலில் யாராவது போறாளா?' என்று மாமிகள் விசாரிப்பார்கள். இதில் காசு புரளவில்லை. இன்றைக்கு நான் உன் அம்மாவைக் கூட்டிப் போனால் நாளைக்கு என் அத்தையை யாரோ கூட்டிவருவார்கள் என்ற நம்பிக்கைதான் புரண்டது.

ரயில்வேக்காரர்களிடம் இன்னொரு வகைத் துணைச் சீட்டு இருந்தது. 1915இல் தொடங்கிய மாட்டுங்கா ரயில்பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்தவர் வீட்டில் ஆண்டுக்கு இத்தனை செட் 'பாஸ்' உண்டு. அந்த ஒரு தாளில் ஊழியர் பெயரும் மனைவி பெயரும் பிள்ளைகள் பெயரும் வயதோடு எழுதியிருக்கும். ஓய்வுபெற்ற பிறகும் பாஸ் உண்டு, அவர் காலமானபின் மனைவிக்கும் உண்டு. அது வேலையில் சம்பாதித்த உரிமை. எவ்வளவு செலவழித்தாய் என்று அவரை யாரும் கேட்டதில்லை. பாஸ் வீட்டுப் பெண்கள் கோடை விடுமுறையில் கும்பகோணம் போகும்போது பக்கத்து போர்ஷன் பெண்ணையும் அதே பெட்டியில் டிக்கெட் வாங்கிக் கூட்டிப்போவார்கள்.

இப்போது விமான டிக்கெட்டுக்கு வருகிறேன். இலவச டிக்கெட்டை எடுக்கும்போது திரையில் வரும் கட்டணப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும். அடிப்படைக் கட்டணம் என்ற இடத்தில் பூஜ்ஜியம். அதன் கீழே பயனாளர் மேம்பாட்டுக் கட்டணம், விமான நிலையப் பாதுகாப்புக் கட்டணம், சரக்கு சேவை வரி, சில நேரம் எரிபொருள் சார்ஜ், கடைசியாக 'கன்வீனியன்ஸ் ஃபீ'. எல்லாம் கூட்டினால் ஆயிரத்தைத் தாண்டிவிடும். போகட்டும், அது பெரிய குறையில்லை. தேதிதான் குறை. ஒவ்வொரு விமானத்திலும் பாயிண்ட்டுக்கென்று ஒதுக்கும் இருக்கைகள் கொஞ்சம். தீபாவளி, பொங்கல், பள்ளி விடுமுறை விடும் மே மாதம் என்று நமக்குத் தேவைப்படும் நாட்களில் அவை கண்ணில் படாது. ஊரில் சாவு என்றால் அன்றைக்கு இரவே கிளம்ப வேண்டும், அப்போதும் கிடைக்காது. விற்காமல் கிடக்கும் என்று கம்பெனி எதிர்பார்க்கும் இருக்கைதான் நமக்கு இலவசமாக வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவதில் தப்பில்லை.

பணம் வருகிற வழியைப் பார்ப்போம். கடையில் ஆயிரம் ரூபாய்க்குக் கிரெடிட் கார்டைத் தேய்த்தால் கடைக்காரர் கைக்கு முழு ஆயிரம் போவதில்லை. சுமார் 2 சதவீதம் கழிந்துதான் போகும். அந்தக் கழிவில் பெரும் பங்கு கார்டு கொடுத்த வங்கிக்கு. வங்கி அதில் ஒரு பகுதியைக் கொடுத்து விமானக் கம்பெனியிடம் பாயிண்ட் வாங்குகிறது, அதை நம் கணக்கில் போடுகிறது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் தேய்த்த குடும்பம் என்று வைத்துக்கொண்டால் கடைகள் கொடுத்த கழிவு மட்டும் பத்தாயிரம் ரூபாய். சென்னைக்குப் போய்வரும் டிக்கெட் விலை அதற்குள் அடங்கிவிடும். அப்படியானால் கடைக்காரர் நஷ்டப்பட்டாரா என்றால் இல்லை. அவர் விலையை முதலிலேயே அதற்கேற்ப வைத்திருக்கிறார். அந்த விலையைக் கார்டு நீட்டுபவரும் கொடுக்கிறார், ரொக்கம் எண்ணிக் கொடுப்பவரும் கொடுக்கிறார். கார்டுக்காரருக்கு ஒரு பங்கு பாயிண்ட்டாகத் திரும்பி வருகிறது. ரொக்கக்காரருக்கு எதுவும் திரும்புவதில்லை.

தாராவியில் விடியுமுன் இட்லி அவித்து, அலுமினியப் பாத்திரத்தை சைக்கிளில் கட்டி, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு நகரம் முழுக்கப் போகும் தமிழர்களைப் பம்பாயில் அறியாதவர் கிடையாது. இப்போது அந்தப் பாத்திர மூடியில் க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. 2020 ஜனவரி முதல் வங்கிக் கணக்கிலிருந்து நேரே போகும் யு.பி.ஐ. பணத்துக்குக் கடைக்காரர் கழிவு கட்ட வேண்டியதில்லை. அதனால் நாலு இட்லிக்கு நாம் அனுப்பும் தொகை அவருக்கு முழுதாகப் போகிறது, நமக்கும் அதில் பாயிண்ட் கிடையாது. நேர்மையான வியாபாரம். ஆனால் அவர் தன் வீட்டுக்கு வெட் கிரைண்டர் வாங்கப் பெரிய கடைக்குப் போகும்போது நிலைமை மாறுகிறது. அதே கிரைண்டரை அதே விலைக்கு நான் கார்டில் வாங்கிப் பாயிண்ட் பெறுகிறேன். அவர் சேர்த்து வைத்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி வைக்கிறார். என் பக்கத்து இருக்கையில் அவருடைய சில ரூபாய்கள் இருக்கின்றன.

இது என் கற்பனை இல்லை. 2010இல் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் பொருளாதார ஆய்வாளர்கள் மூவர் அமெரிக்காவுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ரொக்கம் பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் ஆண்டுக்கு 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்குத் தாரை வார்க்கிறது, கார்டு பயன்படுத்தும் சராசரிக் குடும்பம் 1,133 டாலர் பெறுகிறது என்று கண்டார்கள். நம் நாட்டுக் கணக்கு தொகையில் வேறுபடும். பணம் ஓடும் திசை ஒன்றுதான்.

இன்னொரு வாய்க்காலும் உண்டு. கார்டு பில்லை முழுதாகக் கட்டாமல் 'மினிமம் டியூ' மட்டும் கட்டுபவர்கள். மாதத்துக்கு 3.5 சதவீதம் வட்டி என்று சிறிய எழுத்தில் இருக்கும், ஆண்டுக்கு அது 42 சதவீதம். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது நியாயமற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. முதல் வேலை, முதல் கார்டு, முதல் போன் என்று தொடங்கி மினிமம் டியூவில் மாட்டிக்கொண்ட பையன்களை செம்பூரிலும் தாராவியிலும் பார்க்கிறேன். ஒருவன் தன் செல்போனில் பில்லை எனக்குக் காட்டினான். அசலை விட வட்டியும் வரியும் தாமதக் கட்டணமும் மேலே ஏறி நின்றன. மூலையில் பச்சை எழுத்தில் 'உங்கள் ரிவார்டு பாயிண்ட்டுகள்' என்று ஓர் எண். அந்தப் பையனின் வட்டியும் சேர்ந்துதான் வங்கியை இத்தனை தாராளமாக வைத்திருக்கிறது. ஒழுங்காகப் பில் கட்டும் நாம் அதில் பங்கு வாங்குகிறோம்.

விமானக் கம்பெனிகளுக்கு இந்தப் பாயிண்ட் வியாபாரம் விமானம் ஓட்டுவதைவிடப் பெரிதாகிவிட்டது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதம் தன் மைல் திட்டத்தைத் தொடங்கியபோது அது அடிக்கடி பறப்பவர்களைத் தக்கவைக்கும் தந்திரம். 2020இல் கொரோனாவால் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் ஏர்லைன்ஸ் தன் மைல் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் கடன் திரட்டியது. அப்போது அந்தத் திட்டத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர். பங்குச் சந்தையில் மொத்தக் கம்பெனியின் மதிப்பே அதற்குக் கீழேதான் இருந்தது.

பம்பாய்க்கு இந்தப் பாடம் ஒரு வருடம் முன்பே வந்துவிட்டது. 1993 மே மாதம் பறக்கத் தொடங்கிய ஜெட் ஏர்வேஸ் இந்த ஊர்க் கம்பெனி, தலைமை அலுவலகம் அந்தேரியில். அதன் 'ஜெட் பிரிவிலேஜ்' திட்டத்தைத் தனிக் கம்பெனியாகப் பிரித்து, பெரும்பான்மைப் பங்கை அபுதாபியின் எத்திஹாட் 15 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. 2019 ஏப்ரல் 17 இரவு அமிர்தசரஸிலிருந்து கிளம்பி மும்பைக்கு வந்ததுதான் ஜெட்டின் கடைசி விமானம். விமானிகள், பணிப்பெண்கள், மெக்கானிக்குகள், பெட்டி ஏற்றுபவர்கள் எனப் பல ஆயிரம் பேர் சம்பளப் பாக்கியோடு தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் நம் மக்களும் உண்டு. மைல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தத் திட்டம் அதே ஆண்டு நவம்பரில் 'இன்டர்மைல்ஸ்' என்று பெயர் மாற்றிக்கொண்டு பெட்ரோலுக்கும் ஹோட்டலுக்கும் பரிசுக் கூப்பனுக்கும் பாயிண்ட் கொடுத்துக்கொண்டிருந்தது. பறந்து சேர்த்த மைலுக்குப் பறக்க ஜெட் விமானம் கிடையாது. ஜெட்டைக் கலைத்துவிட உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று உத்தரவிட்டது. பல ஆண்டு உழைத்தவரின் கிராஜுவிட்டிக்கு இல்லாத ஆயுள், சூப்பர்மார்க்கெட்டில் அரிசி வாங்கிச் சேர்த்த பாயிண்ட்டுக்கு வாய்த்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

அதற்கு முன் 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றபோது 'கிங் கிளப்' மைல் வைத்திருந்தவர்களும் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. விஸ்தாராவின் கதை கொஞ்சம் நல்லபடியாக முடிந்தது. 2024 நவம்பர் 12 அன்று அது ஏர் இந்தியாவோடு கலந்தது, பாயிண்ட்டுகள் 'மகாராஜா கிளப்'புக்கு மாறின. எப்படி முடிந்தாலும் பாயிண்ட்டின் மதிப்பைக் கம்பெனி ஒரே இரவில் குறைக்கலாம், காலாவதி ஆக்கலாம், விதியை மாற்றலாம். கேட்க ரிசர்வ் வங்கியின் முத்திரை அதில் கிடையாது. பொங்கல் பானையைப் பரணில் ஏற்றி வைப்பதுபோல் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று இதைச் சேர்த்து வைக்கும் குடும்பங்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கிடைத்த ஆண்டிலேயே யாரையாவது கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

யாரை என்பதுதான் கேள்வி. அதற்கு முன்னால் அந்த டிக்கெட் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வருகிறது. அலுவலகச் செலவில் பறந்து சேர்த்த மைலில் குடும்பத்தைச் சுற்றுலா கூட்டிப்போவது கம்பெனி வேலைக்காரர்களிடம் பழகிப்போன விஷயம். செம்பூருக்குப் பக்கத்தில் அணுசக்தி நகரில் இருப்பவர்கள் மத்திய அரசு ஊழியர்கள், அவர்களுக்கு இது கூடாது. 2017 ஜூலை 13 தேதியிட்ட நிதியமைச்சகத்தின் பயணப்படி உத்தரவு தெளிவாகவே சொல்கிறது: அரசுப் பயணத்தில் சேர்ந்த மைலை அதே துறையின் வேறு அரசுப் பயணத்துக்குத்தான் பயன்படுத்த வேண்டும், சொந்தப் பயணத்துக்கு எடுத்தால் துறை நடவடிக்கை. ஜெர்மனியில் 2002இல் இதே விஷயம் பெரிய புயலாகக் கிளம்பியது. நாடாளுமன்றப் பணிக்காகப் பறந்த மைலில் சொந்தப் பயணம் போனதற்காக பசுமைக் கட்சியின் செம் ஓஸ்டெமிரும், பெர்லின் மாநில அமைச்சராக இருந்த கிரெகோர் கீசியும் பதவியை விட்டு விலகினார்கள். சில்லறை விஷயத்துக்கு இவ்வளவா என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. எனக்கு அந்த விலகல் சரியாகவே படுகிறது. ஊர்ப் பணத்தில் விளைந்த துளி லாபமும் ஊருக்குத்தான் சேர வேண்டும் என்று ஒரு சமூகம் அதட்டிச் சொல்ல முடிந்திருக்கிறது. கார்டு பாயிண்ட்டும் ஊர்ப் பணத்தில் விளைந்ததுதான், இட்லிக்காரரின் பணமும் மினிமம் டியூ பையனின் பணமும். சட்டம் அதை என் சொத்து என்கிறது. என் மனம் முழுதாக அப்படிச் சொல்லவில்லை.

பரேலில் டாடா நினைவு மருத்துவமனை இருக்கிறது, 1941இல் திறந்தது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கே வருகிறார்கள். வாசலுக்கு வெளியே நடைபாதையில் பிளாஸ்டிக் விரிப்பில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். இடம் கிடைத்தவர்கள் தாதரில் காட்கே மகாராஜ் தர்மசாலையில் இருப்பார்கள். மாட்டுங்காவிலிருந்து நடந்து போகிற தூரம் அது. வருகிற ஒவ்வொரு நோயாளிக்கும் பக்கத்தில் ஒருவர் இருப்பார், கையில் ஃபைலும் ஸ்கேன் படமும் தண்ணீர் பாட்டிலும். அந்த ஒருவருக்கு இந்திய ரயில்வே தருகிற சலுகைதான் நான் அறிந்ததிலேயே உண்மையான கம்பேனியன் டிக்கெட். மருத்துவமனை குறிப்பிட்ட படிவத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுக்கும். அதைக் கவுன்டரில் நீட்டினால் நோயாளிக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் ஏ.சி. மூன்றடுக்கிலும் கட்டணம் முழுதாகத் தள்ளுபடி, கூட வருபவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. எவ்வளவு செலவழித்தீர்கள் என்று அந்தப் படிவம் கேட்பதில்லை. எங்கே போகிறீர்கள், யார் கூட வருகிறார் என்று மட்டும் கேட்கிறது.

அதே ரயில்வே 2020 மார்ச்சில் முதியோர் சலுகையை நிறுத்திவிட்டது. அதுவரை 58 வயதான பெண்களுக்குப் பாதிக் கட்டணமும் 60 வயதான ஆண்களுக்கு 40 சதவீதத் தள்ளுபடியும் இருந்தன. தொற்றுக் காலத்தில் முதியவர்கள் வெளியே வராமல் இருக்கட்டும் என்பதற்காக என்றார்கள். தொற்று போனபிறகும் சலுகை திரும்பி வரவில்லை. தாராவி ஆச்சி இப்போது நாகர்கோவில் வண்டிக்கு முழு டிக்கெட் வாங்குகிறார். லட்சக்கணக்கில் செலவழித்தவன் பக்கத்தில் இருப்பவருக்கு விமானத்தில் இலவசம். ஒரே நகரம், ஒரே கோடை விடுமுறை. இரண்டும் வேறு வேறு கஜானா என்று பொருளாதாரம் படித்தவர்கள் சொல்வார்கள். ஆச்சியின் கைப்பை ஒன்றுதான், இரண்டு பக்கமும் அவர்தான் கொடுக்கிறார்.

இதற்காகக் கார்டை வெட்டிப் போடச் சொல்கிறேனா? இல்லை. நான் வெட்டிப் போட்டால் இட்லிக்காரருக்கு அந்த ரூபாய் திரும்பப் போகாது, வங்கிக்குத்தான் மிச்சம். கழிவைக் குறைப்பதும் வட்டிக்கு வரம்பு வைப்பதும் அரசும் ரிசர்வ் வங்கியும் செய்ய வேண்டிய வேலை, அதை நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதுவரை என் கையில் இருப்பது பக்கத்து இருக்கையில் யார் உட்காருகிறார் என்ற முடிவு மட்டும்.

இதில் எனக்கு வழிகாட்டியவர் அணுசக்தி நகரில் வேலை பார்த்து ஓய்வுபெற்று இப்போது செம்பூர் செட்டா நகரில், முருகன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பெரியவர். அவர் மகன் தனியார் கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறார். மகனின் கார்டில் சேரும் டிக்கெட்டுகளை இவர் வாங்கிக்கொள்கிறார். சென்னையில் சங்கர நேத்ராலயாவிலோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ, மதுரை அரவிந்திலோ பார்த்துக்கொள்ள வேண்டிய முதியவர்கள் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது, அல்லது இரண்டு பேருக்கு டிக்கெட் வாங்க வசதி இருக்காது. முதியவரின் குடும்பம் ஒரு டிக்கெட் வாங்கும். இன்னொரு டிக்கெட், அந்த இலவச டிக்கெட், இவருடையது. கம்பெனியின் விதியில் கார்டுக்காரர் எஜமான், கூட வருபவர் துணை. இவர் அதைத் தலைகீழாக்கி, இலவச இருக்கையில் தானே துணையாக உட்கார்ந்துகொள்கிறார்.

ஒருமுறை அவரோடு விமான நிலையம் வரை போனேன். தாராவியிலிருந்து வந்த ஒரு பாட்டிம்மாவைக் கண் ஆபரேஷனுக்குச் சென்னை கூட்டிப்போகிறார். டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி கேட்டு வைத்திருந்தார், கடைசி நேரத்தில் கேட்டால் காத்திருக்க வேண்டிவரும் என்று. சட்டைப் பையில் இரண்டு பேருடைய ஆதார் ஜெராக்ஸ், அச்செடுத்த போர்டிங் பாஸ். கண் சொட்டு மருந்துகள் ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் தனியாக, டாக்டர் சீட்டோடு. பாட்டிம்மா இடுப்பில் சொருகியிருந்த சுருக்குப்பையைச் சோதனைத் தட்டில் வைக்க மறுத்தார்.

"உள்ள போற பொட்டிக்குள்ள நானும் வரட்டா?" என்று கேட்டார்.

"நீங்க இந்தப் பக்கமா வாங்கம்மா. பை அந்தப் பக்கம் வந்துரும். நான் அங்கேயே நிக்கறேன், கண்ணு எடுக்காம பாத்துக்கறேன்" என்றார் பெரியவர்.

அவர் திரும்பி வந்தபிறகு என் கணக்கில் இருந்த டிக்கெட்டை என்ன செய்யலாம் என்று கேட்டேன். எங்கள் கட்டடத்தில் சமையல் வேலை செய்யும் அம்மாவின் தம்பிக்கு அடையாறில் மறுபரிசோதனைக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அக்கா வேலையை விட்டுவிட்டுப் போக முடியாது, அவனைத் தனியாக அனுப்பவும் பயம். ரயிலில் சலுகை உண்டு, ஆனால் அந்த உடம்புக்கு ஒரு ராத்திரியும் பகலும் அதிகம்.

"நீங்களே கூடப் போயிட்டு வாங்களேன் தம்பி" என்றார். "அவங்க ஒரு டிக்கெட் வாங்கட்டும், இல்ல நீங்க பாதி போட்டுக்குங்க. உங்களுது பாயிண்ட்ல. மறுபரிசோதனை தேதிய மூணு நாள் முன்னபின்ன தள்ளிக் கேக்கலாம், குடுப்பாங்க. செவ்வாய், புதன்ல பாருங்க, அன்னிக்குத்தான் பாயிண்ட் சீட்டு தெறந்திருக்கும். தீபாவளிக்கு முந்தின வாரம் வேண்டாம், கெடைக்காது. பழைய ரிப்போர்ட் எல்லாம் கைப்பையிலயே வச்சிருங்க, பொட்டியில போடாதீங்க. காலையில முதல் ஃப்ளைட் புடிச்சா ஓ.பி. மூடறதுக்குள்ள போயிரலாம்."

அடுத்த மாதம் இரண்டாவது புதன்கிழமைக்குப் போட்டிருக்கிறேன்.